உம்கேனி: மலையில் பிறக்கும் நன்னீர் கடலுக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெருமழை ஓய்ந்த மறுநாள் புளூ லகூன் பக்கம் போனால், உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடம் முழுக்க நாணல் தட்டையும் பிளாஸ்டிக் பாட்டிலும் கரையேறிக் கிடக்கும். படம் எடுத்துப் போடுகிறார்கள், கோபப்படுகிறார்கள், தன்னார்வலர்கள் பை பையாக அள்ளுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பாட்டில்களைச் சுமந்து வந்த தண்ணீரைப் பற்றி யாரும் அவ்வளவு பேசுவதில்லை. இந்த ஆற்றை இன்று அதிகம் கெடுப்பது குழாயை விட்டு வெளியேறும் மலக்கழிவு. அது படத்தில் விழாது, பையில் அள்ளவும் முடியாது. அது ஆற்றுக்குள் எப்படி வருகிறது, வந்தபின் என்ன செய்கிறது, ஏன் இன்னும் நிற்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உம்கேனியின் நீளம் 232 கிலோமீட்டர்தான். குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் நடுமேட்டில், உம்கேனி ஃப்ளை என்ற சதுப்புநிலத்தில் அது ஊறுகிறது. 2013இல் அந்தச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. புல்லும் கரும்பஞ்சு போன்ற மண்ணும் மழையை உறிஞ்சி வைத்து, மழையில்லாத குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. ஹோவிக் அருவியில் 95 மீட்டர் விழுந்து, கரும்புக் காடுகளையும் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கையும் கடந்து டர்பனுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் ஆண்டு மழை உலகச் சராசரியில் ஏறத்தாழ பாதிதான். அப்படிப்பட்ட நாட்டில் இரண்டு பெருநகரங்கள், டர்பனும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கும், குடிப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சிறிய ஆற்றையே நம்பியிருக்கின்றன.

டர்பன் தமிழர்களான நம்மவர்களுக்கு இந்த ஆற்றோடு உறவு நீண்டது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றபோது அதிலிருந்து இறங்கியவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் ஆற்றோரத் தாழ்நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு தரையில் கீரையும் கத்தரியும் மிளகாயும் விளைந்தது உம்கேனித் தண்ணீரில்தான். வெள்ளம் வரும் நிலம் என்பதால் வாடகை குறைவு, வண்டல் மண் என்பதால் விளைச்சல் அதிகம். அந்தக் கணக்கின் மறுபக்கத்தை ஆறு அவ்வப்போது காட்டியது. டர்பனின் இன்னொரு ஆறான உம்பிலோவின் கரையில் முன்னோர் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அதன் வழித்தோன்றலாக 1947இல் கேட்டோ மேனரில் எழுந்ததே இன்றைய உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம். 1917 அக்டோபரில் உம்கேனி பெருகி, டின் டவுன் என்று அழைக்கப்பட்ட தகரக் குடியிருப்பு மூழ்கியபோது, மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து கரைவலை மீனவர்களும் படகை வெள்ளத்துக்குள் செலுத்தி 176 பேரைக் காப்பாற்றினார்கள். படவட்டன் அறுவர் என்று அவர்களை டர்பன் இன்றும் நினைவு வைத்திருக்கிறது. பிறகு யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950இன் இனப்பகுதிச் சட்டம் வந்தது. ஆற்றோரத்தில் இருந்தவர்கள் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கும், 1976 வெள்ளத்துக்குப் பிறகு பீனிக்ஸுக்கும் போனார்கள். காய்கறி விளைந்த தரையில் இன்று கடைகளும் கிடங்குகளும் நிற்கின்றன.

வெள்ளம் வரும் தாழ்நிலம் யாருக்கு மிச்சம் விடப்படுகிறது என்ற கேள்வியை இந்த வரலாறு எழுப்புகிறது. அதன் விடையும் இன்று கண்முன்னே இருக்கிறது. ரிசர்வாயர் ஹில்ஸ், கிளேர் எஸ்டேட் பகுதிகள் வழியாக வந்து உம்கேனியில் சேரும் பால்மியட் ஓடையின் கரையில், குவாரி ரோடு மேற்கு என்ற குடிசைப்பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் நம் கொள்ளுத்தாத்தாக்கள் தகரத்தின் கீழ் இருந்த அதே நிலையில் இப்போது அங்கே கறுப்பின ஏழைகள் இருக்கிறார்கள். கழிவறை போதாத இடத்தில் ஓடையே கழிவறையாகிறது. இதை அவர்கள் குற்றமாகப் பேசுகிறவர்களை நம் சமூகத்திலும் கேட்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு வேதனை தருகிறது. அது உண்மையுமல்ல. ஆற்றில் சேரும் கழிவில் மிகப் பெரும்பகுதி, ஒழுங்காக ஃப்ளஷ் செய்யும் வீடுகளிலிருந்து குழாய் வழியே கிளம்பிப் பாதியில் தப்பியது.

நான்கு அணைகளும் ஒரு துணையாறும்

மேலிருந்து கீழாகப் பார்த்தால் உம்கேனியில் நான்கு பெரிய அணைகள்: மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகிள், கடைசியாக இனாண்டா. மூத்தது நாகிள், 1950இல் கட்டியது. இனாண்டா 1980களின் இறுதியில் வந்தது. அது போதாமல் பக்கத்துப் படுகையான மூய் ஆற்றிலிருந்தும் தண்ணீர் மிட்மாருக்குக் கொண்டுவரப்படுகிறது. இத்தனை அணையும் நல்ல தண்ணீரைப் பிடித்துக் குழாயில் ஏற்றிவிடுகின்றன. ஆற்றுக்கு மிஞ்சுவது குறைவு. நாம் குளித்து, சமைத்து, ஃப்ளஷ் செய்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகக் கீழ்ப்பகுதியில் மறுபடி ஆற்றில் விடப்படுகிறது. வறண்ட மாதங்களில் டர்பனுக்குள் ஓடும் உம்கேனியில் கணிசமான பங்கு இப்படி ஒருமுறை நம் வீடுகளைச் சுற்றிவந்த தண்ணீர்தான். ஆகவே ஆற்றின் தரம் என்பது சுத்திகரிப்பு நிலையத்தின் தரம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

நாகிள் அணைக்கும் இனாண்டா அணைக்கும் நடுவில்தான் ம்சுண்டுசி என்ற துணையாறு வந்து சேர்கிறது. ஊர் வழக்கில் டூசி. அது பீட்டர்மரிட்ஸ்பர்க் நகரின் நடுவே ஓடி வருவது. நகரின் பழைய சாக்கடைக் குழாய்கள் அதன் கரையை ஒட்டியே போகின்றன, ஏனென்றால் கழிவுநீர் தாழ்வான பக்கம்தான் ஓடும். குழாய் உடைந்தால் அடுத்த இடம் ஆறு. 1951 முதல் ஆண்டுதோறும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை நடக்கும் டூசி படகுப் போட்டியில் கலந்துகொள்கிறவர்களுக்குப் பின்னர் வரும் வயிற்றுப்போக்குக்கு 'டூசி கட்ஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு நோய்க்கு ஆற்றின் பெயரை வைத்த பிறகும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நாம் பழகிப்போயிருக்கிறோம்.

2019 ஆகஸ்டில் டூசியில் வேறுவிதமான அடி விழுந்தது. பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையிலிருந்து எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கசிந்து ஆற்றில் இறங்கின. பல கிலோமீட்டருக்கு மீன்கள் செத்து மிதந்தன. டன் கணக்கில் அள்ளினார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் ஒரு வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது, தீயை அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்துக்கொண்டு ஓலாங்கா ஆற்றுக்குள் போயிற்று. அந்தக் கழிமுகத்திலும் மீன்கள் செத்தன, உம்லாங்கா பக்கத்துக் கடற்கரைகள் பல மாதம் மூடப்பட்டன. இந்த இரண்டும் செய்தியானவை, விசாரணைக்கு வந்தவை. இவற்றின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விபத்துக்குப் பிறகு மேலிருந்து நல்ல தண்ணீர் வந்தால் ஆறு மெல்ல எழுந்து நிற்கிறது. தினமும் வடியும் கழிவுக்கு முன் அப்படி எழ அதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

தண்ணீருக்குள் நடப்பது

ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அளவோடு இருந்தால் அது உண்மை. ஆற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று உடைக்கின்றன. தின்னும்போது அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் எட்டு மில்லிகிராம் போலத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். பெரும்பாலான மீன்களுக்கு ஐந்து மில்லிகிராமாவது வேண்டும். ஒரு லிட்டர் பச்சைச் சாக்கடையை உடைக்கவோ 200, 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். கல்லில் மோதி நுரைத்து ஓடும் தண்ணீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை மறுபடி இழுத்துக்கொள்ளும். அணையில் தேங்கி நிற்கும் தண்ணீரால் அப்படி முடியாது. கோடையில் வெப்பம் கூடினால் பிடிக்கும் திறன் இன்னும் குறையும். அதனால்தான் வெயில் காலத்தில், தண்ணீர் குறைந்த நேரத்தில், ஒரு சின்னக் கசிவுகூட மீன்களைக் கொல்கிறது.

கிருமிகளின் கணக்கு இன்னும் கடுமையானது. மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்கள் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை எண்ணுகின்றன. பச்சைச் சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை இருக்கும். குடிநீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது தென்னாப்பிரிக்கத் தரவிதி. முழுக்க இறங்கிக் குளிக்கும் தண்ணீருக்கு 130 வரை போகலாம் என்று 1996இல் வந்த அரசு வழிகாட்டி சொல்கிறது. வெறுமனே கலந்து நீர்த்துப் போவதை மட்டும் நம்பினால், ஒரு லிட்டர் சாக்கடையைக் குளிக்கும் தரத்துக்குக் கொண்டுவர எவ்வளவு நன்னீர் வேண்டும்? குறைந்தது ஏழாயிரத்துச் சொச்சம் லிட்டர், கழிவு அடர்த்தியாக இருந்தால் எழுபதாயிரத்துக்கு மேல். அணைகள் நல்ல தண்ணீரைப் பிடித்துவைத்த பிறகு அந்த ஆயிரக்கணக்கான லிட்டர் எங்கிருந்து வரும்?

இங்கே இனாண்டா அணை ஒரு விசித்திரமான வேலையைச் செய்கிறது. டூசி கொண்டுவரும் கிருமிகள் அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் நாள்கணக்கில் தங்கும்போது வெயிலிலும் காலத்திலும் பெருமளவு செத்துப்போகின்றன, வண்டல் அடியில் படிகிறது. அணைக்கு வெளியே வரும் தண்ணீர் உள்ளே போனதைவிடச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் சாகிற பொருள்கள் இல்லை. மலத்திலும் சிறுநீரிலும் சோப்புத்தூளிலும் கரும்புத் தோட்ட உரத்திலும் இருந்து வந்த அந்தச் சத்து அணையில் சேர்ந்துகொண்டே போகிறது. அதைத் தின்றுதான் ஆகாயத்தாமரை பச்சைப் பாயாக விரிகிறது. அமேசான் படுகையிலிருந்து வந்த செடி அது. வெட்டினாலும், மருந்தடித்தாலும், அதைத் தின்னும் பூச்சிகளை விட்டாலும் சத்து இருக்கும்வரை திரும்ப வரும். அடியில் வெளிச்சம் நின்றுபோகிறது, ஆக்சிஜன் குறைகிறது, பாசி பெருகிக் குடிநீரில் மண்வாடை வருகிறது. இனாண்டாவிலிருந்து தண்ணீர் எடுக்கும் விகின்ஸ் சுத்திகரிப்பு நிலையம் அந்த வாடையைப் போக்கக் கூடுதலாகச் செலவழித்தாக வேண்டும். அந்தச் செலவு மாதக் கடைசியில் நம் தண்ணீர் பில்லில் வந்து நிற்கிறது.

பம்ப் நின்றால் ஆறு

டர்பனில் மழைநீருக்கு ஒரு குழாய், கழிவுநீருக்கு ஒரு குழாய் என்று தனித்தனி ஏற்பாடு. மழைநீர்க் குழாய் நேராக ஓடைக்குப் போகும், சுத்திகரிப்புக்குப் போகாது. குன்றும் பள்ளமுமான ஊர் என்பதால் கழிவுநீரைப் பல இடங்களில் பம்ப் வைத்து மேடேற்ற வேண்டும். பம்ப் நின்றால் கழிவுநீர் நிரம்பி, சாக்கடைக் குழியின் மூடியைத் தள்ளி, மழைநீர்க் குழாய்க்குள் வழிந்து ஆற்றில் விழும். 2022, 2023 ஆண்டுகளில் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது, ஜெனரேட்டர் இல்லாத பம்ப் நிலையம் எது என்பதை ஓடையின் நாற்றத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்ற நிலை. செப்புக் கம்பி திருட்டு, துருப்பிடித்த குழாய், காலியாகவே கிடக்கும் பொறியாளர் பதவிகள் இவையெல்லாம் அதே இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். கூரைத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் சேர்த்துவிட்டிருக்கும் வீடுகள் பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் நிறைய. பெருமழையில் குழாய் தாங்காமல் பொங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தீபாவளிக்கு முறுக்கும் வடையும் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றினால் அது குழாய்க்குள் கட்டியாகி, வெட் வைப்ஸோடு பின்னிக்கொண்டு அடைத்துவிடும். இவற்றை நாம் நாளைக்கே நிறுத்தலாம்.

பிறகு 2022 ஏப்ரல். இரண்டே நாள் மழையில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். உம்கேனிக் கரையில் இருக்கும் வடக்குக் கழிவுநீர் நிலையம் சேதமாகி, சுத்திகரிக்கப்படாத கழிவு ஆற்றில் போயிற்று. கடற்கரைகள் திரும்பத் திரும்ப மூடப்பட்டன. டொங்காட்டில் குடிநீர் நிலையமே உடைந்து, மக்கள் பல மாதங்கள் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றார்கள். வயதான ஆயாமார்கள் அந்த வரிசையில் நின்றதை அந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளம் இயற்கை. ஆனால் ஏற்கெனவே நலிந்து கிடந்த நிலையங்கள்தான் முதலில் சரிந்தன, எழுந்து நிற்கவும் அவைதான் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டன. நாடு முழுக்கவும் இதே கதைதான். 2021இல் ஆய்வு செய்து 2022இல் வெளியான, கழிவுநீர் நிலையங்களை மதிப்பிடும் அரசின் கிரீன் டிராப் அறிக்கையில் 334 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகள், அதாவது 39 சதவீதம், நூற்றுக்கு 31 மதிப்பெண்கூட எடுக்காமல் மிக மோசம் என்ற பிரிவில் இருந்தன.

விளைவை யார் சுமக்கிறார்கள் என்பதற்கு இந்த மாகாணத்திலேயே கொடிய சான்று உண்டு. 2000 ஆகஸ்டில் எம்பாங்கேனி அருகே காலரா தொடங்கியது. அதற்குச் சற்று முன்புதான் அங்கே இலவசமாக வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் வைத்திருந்தார்கள். காசு கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்குப் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1996 அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு போதிய தண்ணீரை உரிமையாக்கியிருந்தது. 1998 தேசிய நீர்ச் சட்டம் அதைவிட ஒரு படி மேலே போய், யாருக்கும் பங்கிடுவதற்கு முன் மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்வாழ்வுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும் என்றது. உலகில் மிகச் சில நாடுகளிலேயே இப்படிச் சட்டம் இருக்கிறது. ஆனால் கழிவை விடுவதே நகராட்சியாக இருக்கும்போது, அபராதம் போட்டால் அதைக் கட்டுவது வரி செலுத்தும் நாம்தான். சட்டம் சிக்கி நிற்பது இந்த இடத்தில். அதனால் அபராதத்தைவிட, தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் நாம் கட்டும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்ற முடியாதபடி பூட்டுவதையே நான் முதலில் கேட்பேன்.

ஆற்றங்கரைப் பூஜை

நம் சடங்குகள் மீதும் குற்றச்சாட்டு உண்டு. கங்கையம்மன் பிரேயர், கரகம், அஸ்தி கரைப்பது எல்லாம் ஆற்றோரம் நடக்கின்றன. முடிந்தபின் தேங்காய், பழத்தட்டு, சேலைத்துணி, கற்பூர டப்பா, சாமி படம் கரையில் கிடப்பதை நானும் பார்க்கிறேன். பூவும் பழமும் ஆற்றுக்குப் பெரிய சுமை இல்லை. பிளாஸ்டிக் தட்டும் செயற்கைத் துணியும் சுமைதான், அவற்றைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போவதில் பூஜைக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை எதிர்த்திசையில் இருக்கிறது. கரகத்துக்கு நீர் மொண்டு தலையில் தெளித்துக்கொள்கிறவர்கள், குழந்தையின் வாயில் ஒரு சொட்டு விடுகிறவர்கள், அதே கரையில் வெள்ளை அங்கியோடு முழுக்கு ஞானஸ்நானம் பெறும் சியோனிய சபை என்ற ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள், எல்லோரும் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்குகிறார்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகும்வரை இறங்காமல் இருப்பது நல்லது. தீர்த்தத்துக்கு வீட்டிலிருந்து குழாய் நீர் கொண்டுபோவதும் தவறில்லை. வாயில் படவே கூடாது.

தண்ணீரின் நிலையைத் தெரிந்துகொள்ள ஆய்வகமே வேண்டும் என்றில்லை. தென்னாப்பிரிக்காவில் உருவான மினி சாஸ் என்ற முறையில் பள்ளிப் பிள்ளைகள்கூட ஓடைக் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளையும் புழுக்களையும் 13 வகையாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள். ஸ்டோன்ஃபிளையின் இளம்பூச்சி இருந்தால் தண்ணீர் நன்று, அதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். வெறும் அட்டையும் புழுவும் மட்டும் இருந்தால் மேலே எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. உம்கேனி, டூசிப் படுகைகளில் ஊர் இளைஞர்கள் இப்படிப் பார்த்துப் பொங்கி வழியும் மூடிகளைப் புகார் செய்கிறார்கள். நம் தமிழ்ப் பள்ளிகளும் கோயில் இளைஞர் குழுக்களும் உம்லாத்துசானா, பால்மியட் ஓடைகளில் இதைச் செய்யலாம். கணக்கு இருந்தால்தான் நகராட்சிக் கூட்டத்தில் கேள்வி கேட்க முடியும்.

கேட்க வேண்டிய நேரமும் இதுதான். உம்கேனித் தண்ணீர் போதாமல், தெற்கே இருக்கும் உம்கோமாசி ஆற்றில் ஸ்மித்ஃபீல்டு அணையைக் கட்டி, மலையைக் குடைந்து டர்பன் பக்கம் தண்ணீர் கொண்டுவரத் திட்டம் இருக்கிறது. ஊர் வளர்கிறது, தண்ணீர் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் குழாயில் கூடுதலாக வரும் தண்ணீரில் பெரும்பகுதி அடுத்த நாளே கழிவுநீராகி, இன்று பொங்கிக்கொண்டிருக்கும் அதே குழாய்களுக்கும் பம்ப்களுக்கும்தான் போகும். அணைக்கு ஒதுக்கும் பணத்தோடு, அந்தக் கூடுதல் கழிவுநீரைத் தாங்கும் குழாய்க்கும் ஜெனரேட்டருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், எந்த ஆண்டுக்குள் முடிப்பார்கள் என்பதை வார்டு கவுன்சிலர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும்.